ராக்கபில்லி

ராக்கபில்லி என்பது 1950களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் உருவான ஓர் இசை வகையாகும். இது ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்ககால வடிவங்களுள் ஒன்று. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ப்ளூஸ் மற்றும் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையும், தென் மாநில வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் கலந்ததால் இது தோன்றியது. எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ், வாண்டா ஜாக்சன், ஜீன் வின்சென்ட் முதலியோர் இதன் முன்னோடிகளாவர்.

இவ்விசை வகை புகழின் உச்சியில் இருந்த காலம் ஏறத்தாழ 1954 முதல் 1958 வரையான நான்கு ஆண்டுகளே. எனினும் இருபதாம் நூற்றாண்டின் மக்கள் இசை வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. பள்ளி, பேருந்து, உணவகம் என யாவும் நிறத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில், அப்பிரிவினையை மீறி உருவான இசை இது. அதே சமயம், இக்கலப்பினால் கிடைத்த புகழும் பொருளும் இரு தரப்பினருக்கும் சமமாகச் சென்று சேரவில்லை.

பெயர்க் காரணம்

'ராக்', 'ஹில்பில்லி' என்னும் இரு சொற்களின் சேர்க்கையே ராக்கபில்லி ஆகும். 'ஹில்பில்லி' என்பது மலைப்பகுதியில் வாழும் ஏழை வெள்ளையரைக் குறிக்க நகரத்தார் பயன்படுத்திய ஏளனச் சொல்லாகும். கன்ட்ரி இசையும் முன்னர் இப்பெயராலேயே வழங்கப்பட்டது. இதனால் ராக்கபில்லி என்ற பெயரைத் தொடக்ககாலக் கலைஞர்கள் பலர் விரும்பவில்லை. பிற்கால இரசிகர்களே இப்பெயரைப் பெருமைக்குரியதாக மாற்றினர்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தமது வெளியீடுகளை இன அடிப்படையில் பிரித்து விற்று வந்தன. கறுப்பினத்தவர் பாடியவை 'இன இசைத்தட்டுகள்' என்றும், தென் மாநில வெள்ளையர் பாடியவை 'ஹில்பில்லி' என்றும் வகைப்படுத்தப்பட்டன. 'பில்போர்டு' என்னும் இசை வணிக இதழ் 1949 இல் இப்பெயர்களைக் கைவிட்டு, 'ரிதம் அண்ட் ப்ளூஸ்', 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்னும் பெயர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. பெயர்கள் மாறினாலும் பட்டியல்கள் தனித்தனியாகவே தொடர்ந்தன.

வானொலி அலைகளை இவ்வாறு பிரித்து வைக்க இயலவில்லை. மெம்ஃபிசிலிருந்த டபிள்யூ.டி.ஐ.ஏ. என்னும் வானொலி நிலையம் 1940களின் இறுதியில் முழுவதும் கறுப்பின அறிவிப்பாளர்களைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. இதனைக் கறுப்பின மக்கள் மட்டுமன்றி வெள்ளையின இளைஞர்களும் கேட்டனர். கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருவில் கால் வைக்கத் தயங்கியவர்களின் வீட்டுக்குள்ளும் அவர்களது இசை நுழைந்தது. இதே போன்று கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர் கன்ட்ரி இசை நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்தனர்.

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் வானொலி அறிவிப்பாளராக இருந்த ஆலன் ஃபிரீட், 1951 முதல் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளை ஒலிபரப்பி, அவற்றை 'ராக் அண்ட் ரோல்' என்று அழைத்தார். இச்சொற்றொடர் கறுப்பின மக்களின் பேச்சிலும் பாடல்களிலும் அதற்கு முன்னரே இருந்து வந்ததாகும். ஃபிரீட் அதனைப் பரந்த மக்களிடம் கொண்டு சேர்த்தார்.

முன்னோடிப் பதிவுகள்

ராக் அண்ட் ரோல் இசையின் முதல் பதிவு எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பின்வருவன பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றன.

ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915–1973) தேவாலயப் பாடல்களை மின்கிதாருடன் பாடியவர். இவர் 1944 இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்னும் பாடலின் கிதார் வாசிப்பில் பிற்கால ராக் இசையின் கூறுகள் தெளிவாகக் காணப்படுகின்றன.

ராய் பிரவுன் 1947 இல் பதிவு செய்த 'குட் ராக்கிங் டுநைட்', ஃபேட்ஸ் டாமினோ 1949 இல் பதிவு செய்த 'தி ஃபேட் மேன்' ஆகியனவும் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன.

1951 மார்ச்சில் மெம்ஃபிசில் பதிவு செய்யப்பட்ட 'ராக்கெட் 88' அடுத்த முக்கியமான பதிவாகும். ஐக் டர்னரின் குழு இசைக்க, ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய இப்பாடல் ரிதம் அண்ட் ப்ளூஸ் தரவரிசையில் முதலிடம் பெற்றது. பழுதடைந்த கிதார் ஒலிபெருக்கிக்குள் தாளைத் திணித்துப் பதிவு செய்ததால் எழுந்த கரகரப்பான ஒலி இதன் சிறப்பாகும். அதே ஆண்டில், அதுவரை கன்ட்ரி இசை பாடி வந்த பில் ஹேலி என்னும் வெள்ளையினப் பாடகர் இப்பாடலை மீண்டும் பதிவு செய்தார். இரு மரபுகளின் கலப்பு இங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

பில் ஹேலி (1925–1981) பின்னர் 'ராக் அரவுண்ட் த கிளாக்' என்னும் பாடலை ஏப்ரல் 12, 1954 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தார். முதலில் பெரிதாகக் கவனிக்கப்படாத இப்பாடல், 1955 இல் வெளியான 'பிளாக்போர்டு ஜங்கிள்' என்னும் திரைப்படத்தில் இடம்பெற்ற பின்னர், பில்போர்டு தரவரிசையில் எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது.

சன் ரெக்கார்ட்ஸ்

ராக்கபில்லி இசையின் பிறப்பிடமாகக் கருதப்படுவது மெம்ஃபிஸ் நகரின் யூனியன் அவென்யூ தெருவில் 706 ஆம் எண் கொண்ட சிறிய ஒலிப்பதிவுக் கூடமாகும். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த சாம் ஃபிலிப்ஸ் (1923–2003) இதனை 1950 ஜனவரியில் தொடங்கினார். ஹவுலின் உல்ஃப், பி. பி. கிங் முதலிய கறுப்பினக் கலைஞர்களை இவர் இங்கு பதிவு செய்தார். மேற்குறிப்பிட்ட 'ராக்கெட் 88' பாடலும் இங்கேயே பதிவானது. 1952 இல் இவர் சன் ரெக்கார்ட்ஸ் என்னும் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைத் தென் மாநிலங்களின் கடைகளும் வானொலி நிலையங்களும் குறுகிய வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தன. அவ்விசையின் உணர்வோடு பாடக்கூடிய ஒரு வெள்ளையினப் பாடகர் கிடைத்தால் இத்தடையைத் தாண்டலாம் என ஃபிலிப்ஸ் கருதினார். இக்கூடத்தில் எவரும் கட்டணம் செலுத்தித் தமக்கென ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்துகொள்ளலாம். 1953 இல் அவ்வாறு வந்தவர்களுள் எல்விஸ் பிரெஸ்லியும் ஒருவர்.

ஜூலை 5, 1954

மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் ஜனவரி 8, 1935 அன்று பிறந்த பிரெஸ்லிக்கு அப்போது வயது 19. கிதார் கலைஞர் ஸ்காட்டி மூர், டபுள் பாஸ் கலைஞர் பில் பிளாக் ஆகியோருடன் அவர் அன்று மாலை மெல்லிய பாடல்கள் சிலவற்றைப் பாடிப் பார்த்தார். எதுவும் நிறைவாக அமையவில்லை. இடைவேளையில் பிரெஸ்லி விளையாட்டாக, ஆர்தர் க்ரூடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946 இல் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்' என்னும் ப்ளூஸ் பாடலை விரைவான நடையில் பாடத் தொடங்கினார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். ஃபிலிப்ஸ் உடனே அதனைப் பதிவு செய்தார். மூவரைக் கொண்ட இக்குழுவில் மேளக் கலைஞர் எவரும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இசைத்தட்டின் மறுபக்கத்திற்கு, பில் மன்றோ என்னும் வெள்ளையினக் கலைஞரின் 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' என்னும் கன்ட்ரி பாடல் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்று தட்டுகள் கொண்ட மெதுவான தாளத்தில் அமைந்திருந்த அப்பாடல், நான்கு தட்டுகள் கொண்ட விரைவான தாளத்துக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு ஒரே தட்டின் ஒரு பக்கத்தில் கறுப்பினத்தவர் பாடலும் மறுபக்கத்தில் வெள்ளையர் பாடலும் அமைந்தன.

மெம்ஃபிஸ் வானொலி அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் இப்பாடலை முதன்முதலாக ஒலிபரப்பினார். பாடியவர் கறுப்பினத்தவர் எனப் பல நேயர்கள் எண்ணினர். அறிவிப்பாளர் பிரெஸ்லியிடம் அவர் படித்த பள்ளியின் பெயரை வானொலியில் கேட்டார். அக்காலத்தில் பள்ளிகள் இன அடிப்படையில் பிரிந்திருந்தமையால், ஹியூம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்னும் விடையே பாடகரின் நிறத்தை நேயர்களுக்கு உணர்த்தப் போதுமானதாக இருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு எதிரானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதற்கு ஏழு வாரங்கள் முன்னர், மே 17, 1954 அன்றாகும்.

பிரெஸ்லி சன் நிறுவனத்திற்காக ஐந்து இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1955 நவம்பரில் அவரது ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்திற்கு ஃபிலிப்ஸ் 35,000 டாலருக்கு விற்றார். அப்பணம் மற்ற கலைஞர்களை வளர்க்கப் பயன்பட்டது.

இசை அமைப்பு

ராக்கபில்லி பாடல்கள் பல பன்னிரண்டு அலகு ப்ளூஸ் என்னும் அமைப்பைக் கொண்டவை. நான்கு தட்டுகள் கொண்டது ஓர் அலகு. பாடலின் அடிப்படைச் சுரத்தை முதலாவதாகக் கொண்டு எண்ணினால், ஒன்றாம், நான்காம், ஐந்தாம் சுரங்களின் மீது எழும் மூன்று கார்டுகள் மட்டுமே இவற்றுக்குப் போதுமானவை. எளிய அமைப்பு என்பதால் முறையான பயிற்சி இல்லாதவரும் இதனை விரைவில் கற்றுக்கொள்ள முடிந்தது. இவ்விசையின் தனித்தன்மைக்குப் பின்வரும் மூன்று கூறுகள் காரணமாகும்.

தட்டு பாஸ்: பாஸ் கலைஞர் தம் கருவியின் கம்பியை இழுத்து விடும்போது அது விரற்பலகையில் மோதிச் 'சடக்' என்று ஒலிக்கும். இடையிடையே உள்ளங்கையாலும் பலகையைத் தட்டுவார். இதனால் ஒரே கருவி சுரத்தையும் தாளத்தையும் தந்தது. அக்காலக் கன்ட்ரி இசை மேடைகளில் மேளத்திற்குப் பெரும்பாலும் இடமில்லாத நிலையில் இம்முறை பெரிதும் உதவியது. ஜானி கேஷ் தமது கிதாரின் கம்பிகளுக்கு இடையே ஒரு தாளைச் செருகி மேளம் போன்ற ஒலியை எழுப்பினார்.

கிதார்: கட்டைவிரலால் தாழ்ந்த கம்பிகளில் தாளத்தையும், மற்ற விரல்களால் மேல் கம்பிகளில் இசையையும் வாசிக்கும் கன்ட்ரி முறையுடன், கம்பியை வளைத்துச் சுரத்தை நெகிழச் செய்யும் ப்ளூஸ் முறை இணைந்தது.

எதிரொலி: பாடகரின் குரல் ஒரு முறை விரைவாகத் திரும்ப ஒலிப்பது சன் பதிவுகளின் அடையாளமாகும். இதற்கு ஃபிலிப்ஸ் இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளைப் பயன்படுத்தினார். இரண்டாவது கருவியில், ஒலி நாடாவில் பதிவாகும் முனைக்கும் அது மீண்டும் ஒலிக்கும் முனைக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும்போது, 2 அங்குல இடைவெளியைக் கடக்க ஏறத்தாழ 0.13 நொடி ஆகும். இவ்வாறு தாமதமாக வரும் ஒலியை முதல் ஒலியுடன் கலந்தபோது, சிறிய அறையில் மூவர் எழுப்பிய இசை பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற நிறைவைப் பெற்றது.

முக்கியக் கலைஞர்கள்

கார்ல் பெர்க்கின்ஸ் (1932–1998) டென்னசி மாநிலத்தில் வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் பருத்திக் காட்டில் கறுப்பினத் தொழிலாளர்களுடன் வேலை செய்தபோது, அவர்களுள் முதியவர் ஒருவரிடம் கிதார் வாசிக்கக் கற்றார். இவர் எழுதிப் பாடிய 'புளூ ஸ்வேட் ஷூஸ்' 1956 இன் தொடக்கத்தில் வெளியாகிப் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ், பொது என மூன்று தரவரிசைகளிலும் இது முன்னணி இடங்களைப் பெற்றது. தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்த சந்தைகளை ஒரே இசைத்தட்டு ஒன்றாக்கியது இதன் வரலாற்றுச் சிறப்பாகும். மார்ச் 22, 1956 அன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் செல்லும் வழியில் நேர்ந்த சாலை விபத்தில் இவர் பலத்த காயமடைந்தார். அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் பிரெஸ்லியின் புகழ் நாடெங்கும் பரவியது.

ஜானி கேஷ் (1932–2003) ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்தவர். 1955 இல் சன் நிறுவனத்தில் சேர்ந்தார். 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்', 'ஐ வாக் த லைன்' (1956) ஆகியன இவரது புகழ்பெற்ற தொடக்ககாலப் பாடல்களாகும்.

ஜெர்ரி லீ லூயிஸ் (1935–2022) லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த பியானோ கலைஞர். கிதாரையே மையமாகக் கொண்ட இவ்விசையில் பியானோவை முன்னிறுத்தினார். 1957 இல் வெளியான 'ஹோல் லாட்டா ஷேக்கிங் கோயிங் ஆன்', 'கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்' ஆகிய பாடல்கள் இவருக்குப் பெரும்புகழைத் தந்தன.

பிரெஸ்லி, பெர்க்கின்ஸ், கேஷ், லூயிஸ் ஆகிய நால்வரும் டிசம்பர் 4, 1956 அன்று சன் கூடத்தில் தற்செயலாகச் சந்தித்துப் பாடினர். இச்சந்திப்பு 'மில்லியன் டாலர் குவார்டெட்' என அழைக்கப்படுகிறது. அன்று அவர்கள் பாடியவற்றுள் பல தேவாலயப் பாடல்களாகும்.

மெம்ஃபிசுக்கு வெளியேயும் இவ்விசை வளர்ந்தது. வர்ஜீனியாவின் ஜீன் வின்சென்ட் 1956 இல் 'பி-பாப்-எ-லூலா' பாடலால் புகழ் பெற்றார். டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரைச் சேர்ந்த பட்டி ஹாலி (1936–1959) தம் பாடல்களைத் தாமே எழுதி, இரண்டு கிதார்கள், பாஸ், மேளம் என்னும் குழு அமைப்பைப் பரவலாக்கினார். எடி கோக்ரன் 1958 இல் 'சம்மர்டைம் ப்ளூஸ்' பாடலை வெளியிட்டார்.

பெண் கலைஞர்கள்

ஆண்களே மிகுந்திருந்த இத்துறையில் பெண்கள் சிலரும் தடம் பதித்தனர். ஓக்லஹோமா மாநிலத்தில் 1937 இல் பிறந்த வாண்டா ஜாக்சன் கன்ட்ரி பாடகியாகத் தொடங்கி, பிரெஸ்லியின் ஊக்கத்தால் ராக்கபில்லி பாடத் தொடங்கினார். இவரது 'ஃபியூஜியாமா மாமா' அமெரிக்காவில் விற்பனையாகாத போதிலும் ஜப்பானில் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஜேனிஸ் மார்ட்டின் என்னும் இளம்பெண்ணை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1956 இல் 'பெண் எல்விஸ்' என விளம்பரப்படுத்தியது. ஆண் பாடகர்களிடம் இரசிக்கப்பட்ட துள்ளலும் உரத்த குரலும் பெண்களிடம் முறையற்றவையாகக் கருதப்பட்டமையால், இவர்களுக்கு வானொலியில் கிடைத்த வாய்ப்புகள் குறைவு.

இருவழிக் கொடுக்கல் வாங்கல்

இக்கலப்பு வெள்ளையர் மட்டும் எடுத்துக்கொண்டதாக அமையவில்லை. செயின்ட் லூயிஸ் நகரின் கறுப்பினக் கலைஞரான சக் பெரி (1926–2017), 'ஐடா ரெட்' என்னும் பழைய கன்ட்ரி பாடலை அடிப்படையாகக் கொண்டு 1955 இல் 'மேபலீன்' பாடலை உருவாக்கினார். அதன் சொல் தெளிவும் கதை சொல்லும் முறையும் கன்ட்ரி மரபைச் சார்ந்தவை. பிரெஸ்லி ப்ளூஸ் பாடியதும் பெரி கன்ட்ரி பாடியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகும். ஆனால் வணிக உலகம் இவ்விரு பக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை.

உரிமையும் ஊதியமும்

அமெரிக்காவின் 1909 ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பாடலின் உரிமையாளருக்கு விற்பனையாகும் ஒவ்வொரு பதிவிற்கும் 2 சென்ட் உரிமத்தொகை அப்போது வழங்க வேண்டியிருந்தது. முதலில் பாடியவரின் பாடும் முறைக்கோ இசை அமைப்புக்கோ எவ்வித உரிமையும் இல்லை. எனவே கறுப்பினத்தவர் பாடிய பாடலை வெள்ளையினப் பாடகர் ஒருவர் அப்படியே மறுபதிவு செய்து, கூடுதல் வானொலி நிலையங்கள் வழியாக அதிகம் விற்க முடிந்தது. லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'யை மறுபதிவு செய்த பாட் பூன், பொதுத் தரவரிசையில் அவரை விட உயர்ந்த இடத்தைப் பெற்றார். லாவெர்ன் பேக்கர் என்னும் பாடகி இத்தகைய நகலெடுப்பைத் தடுக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என 1955 இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் முறையிட்டார். அது பலனளிக்கவில்லை.

பாடலை எழுதியவருக்குக் கூட உரிமத்தொகை உறுதியாகக் கிடைக்கவில்லை. 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை எழுதிய ஆர்தர் க்ரூடப்பின் பாடல் உரிமைகள் அவரது மேலாளரிடம் இருந்தன. தமக்குரிய தொகை கிடைக்காததால் இசைப்பதிவைக் கைவிட்ட க்ரூடப், பண்ணைத் தொழில் செய்து வாழ்ந்து 1974 இல் காலமானார். 'மேபலீன்' பாடலுக்கு, அதை எழுதுவதில் பங்கில்லாத ஆலன் ஃபிரீடின் பெயரும் ஆசிரியராகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் உரிமை பின்னாளிலேயே முழுமையாகப் பெரிக்குத் திரும்பியது. சன் நிறுவனத்தின் தொடக்ககாலக் கறுப்பினக் கலைஞரான ரூஃபஸ் தாமஸ், பிரெஸ்லியின் வெற்றிக்குப் பின் ஃபிலிப்ஸ் கறுப்பினக் கலைஞர்களைக் கைவிட்டுவிட்டார் எனப் பிற்காலத்தில் குறை கூறினார்.

எதிர்ப்பு

இன ஒதுக்கலை ஆதரித்த அமைப்புகள் ராக் அண்ட் ரோல் இசையை வெள்ளையின இளைஞர்களைக் கெடுக்கும் சூழ்ச்சி எனக் கண்டித்தன. ஏப்ரல் 10, 1956 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் வெள்ளையர் மட்டும் கூடியிருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோல் என்னும் கறுப்பினப் பாடகரை, இத்தகைய அமைப்பைச் சேர்ந்தவர்கள் மேடையில் ஏறித் தாக்கினர். கோல் ராக் அண்ட் ரோல் பாடகர் அல்லர், மெல்லிசைப் பாடகர். எதிர்ப்பின் உண்மையான இலக்கு இசை அன்று என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சரிவு

1957 முதல் 1960 வரை அடுத்தடுத்த நிகழ்வுகளால் இவ்விசை வலுவிழந்தது. லிட்டில் ரிச்சர்ட் 1957 இல் இசையைத் துறந்து சமயப் பணிக்குச் சென்றார். பிரெஸ்லி 1958 மார்ச்சில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதம், 13 வயதான உறவுக்காரப் பெண்ணை லூயிஸ் மணந்திருந்தது வெளியானதால் அவரது இங்கிலாந்துப் பயணம் பாதியில் நின்றது. பிப்ரவரி 3, 1959 அன்று அயோவா மாநிலத்தில் நேர்ந்த விமான விபத்தில் பட்டி ஹாலி, ரிட்சி வாலன்ஸ், 'பிக் பாப்பர்' ஆகியோர் உயிரிழந்தனர். எடி கோக்ரன் ஏப்ரல் 17, 1960 அன்று இங்கிலாந்தில் சாலை விபத்தில் இறந்தார்.

பிற்காலத் தாக்கம்

அமெரிக்காவில் மறைந்த இவ்விசை பிரித்தானியாவில் தொடர்ந்து கேட்கப்பட்டது. பீட்டில்ஸ் குழுவினர் பெர்க்கின்சின் மூன்று பாடல்களைப் பதிவு செய்தனர். நியூயார்க் மாநிலத்தில் உருவான ஸ்ட்ரே கேட்ஸ் குழு 1980 இல் இலண்டனுக்குச் சென்று, ராக்கபில்லி இசையை மீண்டும் பரவலாக்கியது. 1977 இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் வைக்கப்பட்ட தங்க இசைத்தட்டில், சக் பெரியின் 'ஜானி பி. கூட்' இடம்பெற்றுள்ளது.

ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 1986 இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தவர்களுள் பிரெஸ்லி, பெரி, லூயிஸ், ஹாலி, டாமினோ, லிட்டில் ரிச்சர்ட், சாம் ஃபிலிப்ஸ் ஆகியோர் அடங்குவர். வாண்டா ஜாக்சன் 2009 இல்தான் சேர்க்கப்பட்டார். இவர்கள் அனைவருக்கும் முன்னரே மின்கிதாரை முழங்கச் செய்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், தாம் இறந்து 45 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 இல் இம்மண்டபத்தில் இடம்பெற்றார்.